குடிக்காதவன் ஈரல்

எங்கள் அலுவலகப் பிரிண்டருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அவசரமாக வேண்டிய காகிதத்தை விழுங்கிவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டும். யார் கண்ணிலும் படக் கூடாத காகிதத்தை மட்டும் உடனே, அதுவும் இரண்டு பிரதியாக, வெளியே தள்ளும். அன்றைக்கு அது தள்ளியது என் ரத்தப் பரிசோதனை முடிவை. நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் பக்கத்து மேசைக்காரர் கையில் ஒரு பிரதி போய்விட்டது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் தயாரிக்கும் அலுவலகம் எங்களுடையது. இருபத்திரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்து காகிதம் பார்க்கிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் முந்திரிக்கொட்டை நல்ல கொட்டையா சொத்தைக் கொட்டையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதன் எடை மூன்று காகிதங்களிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். காகிதம் சரியாக இருந்தால் சரக்கும் சரியாக இருக்கும் என்பது என் கொள்கை. அதை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் ஓட்டிவிட்டதால் உடம்புக்கும் அதுவே செல்லும் என்று நினைத்திருந்தேன்.

மருத்துவக் காப்பீட்டுக்காக அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். பக்கத்து மேசைக்காரர் என் முடிவை மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார். அவர் புன்னைக்காயல்காரர். அப்பா, அண்ணன்மார் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் படித்துவிட்டுக் காகிதத்துக்கு வந்தவர். என்னைவிட எட்டு வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலில் பூசை, மத்தியானம் ஒரு பாட்டில் என்று ஒழுங்காக வாழ்கிறவர். இரண்டையும் அவர் ஒளித்ததில்லை. அவருக்கு நான் வருடக்கணக்காக ஈரலைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். போன கிறிஸ்துமசுக்கு அவர் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கை கழுவின ஈரம் காய்வதற்குள், குடியினால் ஈரல் எப்படிக் கல்லாகிப் போகும் என்று அவர் மாமனார் முன்னாலேயே விளக்கினேன்.

"அண்ணாச்சி, அளவு தாண்டிருச்சுன்னு ரெண்டு எடத்துல நட்சத்திரம் போட்டிருக்கான்" என்றார். "எஸ்.ஜி.ஓ.டி. அம்பத்திரெண்டு. எஸ்.ஜி.பி.டி. தொண்ணூத்தெட்டு. இது ஈரல் சமாச்சாரம்லா?"

"மெசினு கோளாறா இருக்கும்."

"எனக்கும் அதே மெசின்லதான் பாத்தான். எனக்கு எல்லாம் நார்மல்னு வந்திருக்கு."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். உண்மையாகவே வருத்தப்பட்டு, காகிதத்தை நாலாக மடித்து என் கையில் வைத்து, "யாருட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. ஆரம்பத்துலயே நிறுத்திட்டா சரியாயிரும்" என்றார். அவருக்கு நான் சொன்ன அதே வாக்கியம். உச்சரிப்புகூட என்னுடையது.

நான் குடித்ததில்லை. ஒரு சொட்டு கிடையாது. இதைச் சொன்னால் தற்பெருமை என்பார்கள். தற்பெருமைதான். மாப்பிள்ளையாகப் போய் நின்றபோது என்னிடம் வேறு சரக்கு எதுவும் இருக்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், காபித் தட்டைக் கீழே வைத்த கையோடு, பெண் என்னை நேராகப் பார்த்து, "குடிப்பீங்களா?" என்று கேட்டாள். கூடியிருந்தவர்கள் விக்கித்துப் போனார்கள். அவளுடைய அப்பா ஆறுமுகநேரியில் உப்பளத்து மேற்பார்வையாளராக இருந்தவர். குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, அவளுக்குப் பத்தொன்பது வயதாகும்போது போய்விட்டார். "இல்லை" என்றேன். "பின்னால ஆரம்பிச்சாலும் அன்னைக்கே போயிருவேன்" என்றாள். கல்யாணம் அந்த ஒரு வார்த்தையில் நடந்தது. அதற்குப் பிறகு என் தலைமுடி போயிற்று, இடுப்பளவு நான்கு அங்குலம் ஏறிற்று, சொந்த வீடு கட்டுகிறேன் என்று சொன்னது சொன்னதாகவே நிற்கிறது. அந்த ஒரு வார்த்தை மட்டும் கெடாமல் இருந்தது. இப்போது அதன் மேல் இரண்டு நட்சத்திரம் விழுந்திருக்கிறது.

மறைத்துவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். பேன்ட் பைக்குள் காகிதம். முகத்தில் ஒன்றும் நடக்காத பாவனை. ஆனால் பரிசோதனைப் படிவத்தில் 'மாற்றுத் தொலைபேசி எண்' என்ற கட்டத்தைக் காலியாக விட மனம் வராமல் அவளுடைய எண்ணை எழுதிக்கொடுத்த புண்ணியவான் நானேதான். முடிவு மத்தியானமே அவளுடைய வாட்ஸ்அப்புக்குப் போயிருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எண்களைக் கண்டால் சும்மா விடமாட்டாள்.

"பாத்தேன்" என்றாள். "டாக்டர்ட்ட காட்டிருங்க. சாப்பிட வாங்க."

அவ்வளவுதான். திட்டவில்லை, கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் அவள் பேசாமல் இருந்தது எல்லாம் பெரிய விஷயங்களுக்குத்தான்.

மறுநாள் சாயங்காலம் அதைப் பார்த்தேன். நான் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்தவள், சோப்புத் தண்ணீர் வாளியில் முக்குவதற்கு முன் மூக்கருகே கொண்டுபோனாள். கழுத்துப் பட்டை, கக்கம், மார்பு. நிதானமாக மோந்து பார்த்துவிட்டு வாளிக்குள் போட்டாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால், ஆமாம், சந்தேகம்தான் என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஆகவே கேட்காமல், நிரபராதி செய்யக்கூடிய அத்தனை கோமாளித்தனங்களையும் செய்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முகத்துக்கு நேரே போய் "உஸ்ஸ்" என்று பெருமூச்சு விட்டேன். அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது ஒரு போன், பழைய பேருந்து நிலையம் தாண்டும்போது ஒரு போன். கடைசியில் பக்கத்து மேசைக்காரரையே வீட்டுக்குக் கூட்டிவந்து, பேச்சுவாக்கில் என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லச் சொன்னேன். அவர் டீயைக் கையில் வாங்கியதுமே, "மயினி, அண்ணாச்சி குடிக்கவே மாட்டாவ. நான் எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன்" என்றார். அன்று திங்கட்கிழமை. முந்தின நாள் மத்தியானத்து வாடை அவரிடமிருந்து இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. என் மனைவி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னொரு டீ குடிக்கியளா?" என்றாள்.

டாக்டரிடம் தனியாகத்தான் போனேன். ஐம்பது வயதுக்காரம்மா. பேச்சில் அவசரம் இல்லாதவர். "வாரத்துக்கு எத்தனை தடவை குடிப்பீங்க சார்?" என்று எல்லோரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் ஐந்து நிமிடம் பதில் சொன்னேன். பெண் பார்த்த கதை வரைக்கும் போனேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி. மாத்திரை ஏதாவது? காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை?"

"கிடையாது டாக்டர்."

"நாட்டு மருந்து? சூரணம், கசாயம்?"

"வாடகை வீட்டுக்காரர் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தார். செடிக்கு ஊத்திட்டேன்."

"நல்லது. இனிப்பு?"

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சீனியை விட்டு ஆறு வருசம் ஆகுது டாக்டர். வீட்டுக்குள்ளயே விடுறதில்லை. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு மக்ரூன்கூடத் தொட மாட்டேன்."

அவர் மரியாதையாகத் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. எங்கள் அப்பா உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்தவர். எங்கள் வீட்டில் கருப்பட்டி இனிப்பில் சேராது, மருந்தில் சேரும். சளிக்குக் கருப்பட்டி, சோர்வுக்குக் கருப்பட்டி, பெரிய பிள்ளையான பெண்ணுக்கு உளுந்தங்களியில் கருப்பட்டி. சீனி என்பது ஆலைக்காரன் விற்கிற விஷம் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் ஞானோதயம் வந்ததிலிருந்து நான் காலையில் இரண்டு டம்ளர் கருப்பட்டிக் காபி, பதினொரு மணிக்குச் சுக்குக் காபி, சாப்பாட்டுக்குப் பிறகு வாய்க்கு ஒரு துண்டு, சாயங்காலம் ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய், சட்டைப் பையில் எந்நேரமும் பனங்கற்கண்டு என்று பரம ஆரோக்கியமாக வாழ்ந்துவந்தேன். டாக்டர் இனிப்பு என்றதும் இவற்றில் ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை.

அவர் அந்தக் காகிதத்தை எனக்கு விளக்கினார். "இது ரெண்டும் செல்லுக்குள்ள இருக்க வேண்டிய என்சைம். செல் அடிபட்டா வெளிய கசிஞ்சு ரத்தத்துக்கு வரும். எவ்வளவு கசியுதுன்னு இந்தக் காகிதம் சொல்லும். ஏன் கசியுதுன்னு சொல்லாது. அதை நாமதான் தேடணும்." ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று வந்தது. மஞ்சள்காமாலைக் கிருமிகள் எதுவும் இல்லை. "குடிக்காதவங்களுக்கும் இது நிறைய வருது. எடையைக் குறைங்க. தினம் நடங்க. ஒரு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்போம்" என்றார்.

தினம் என்றது என் காதில் விழவில்லை. மறுபடி ரத்தம் என்றதுதான் விழுந்தது. ஆவணத்தில் பிழை இருந்தால் திருத்தம் போட்டுப் புது ஆவணம் வாங்குவோம். அப்படி ஒரு புதுக் காகிதம் வந்தால் போதும், நட்சத்திரம் இல்லாத காகிதத்தை அவள் முன்னால் வைத்துவிடலாம். மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை. உடம்பு பலவீனமாகிவிடக் கூடாதே என்று சுக்குக் காபியை மட்டும் இரண்டாக்கினேன். நான்காவது வாரம், பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தைத் திறக்கும் மாணவன் மாதிரி, விழித்துக்கொண்டேன்.

"வேர்வை சிந்தணும்னா வலை இழுங்க அண்ணாச்சி" என்றார் பக்கத்து மேசைக்காரர். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு கரைவலை போடுவாவ. ஒரு தடவ இழுத்தா ஒரு மாசக் கொழுப்பு போயிரும்."

மனைவியிடம் புன்னைக்காயலில் ஒரு வீடு மந்திரிப்பு, புது வீட்டுக்கு ஃபாதர் வந்து ஆசீர்வதிக்கிறார், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். உண்மையைச் சொன்னால் விடமாட்டாள். பருப்பு மூட்டையை ஸ்கூட்டரிலிருந்து இறக்கவே அவளைக் கூப்பிடுகிறவன் நான்.

கரைவலை என்றால் வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிற்று முனைகளையும் கரையில் நின்று இரண்டு வரிசை ஆட்கள் இழுப்பது. பார்க்கும்போது மெதுவாக, சாவகாசமாக இருந்தது. பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு ஒரு வரிசையில் நின்றேன். பத்து நிமிடத்தில் உள்ளங்கை எரிந்தது. அரை மணியில் தோள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கயிற்றை நான் இழுப்பதுபோய்க் கயிறு என்னை இழுக்க ஆரம்பித்ததும், முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்து, "ஏலே, அந்த சாரை ரெண்டு ஆளுக்கு நடுவுல விடுங்கலே, கடலுக்குள்ள போயிருவாரு" என்றார். நடுவில் விட்டார்கள். விட்டுவிட்டு வந்திருக்கலாம். ரோஷம் விடவில்லை. ஒன்றரை மணி நேரம் இழுத்தேன். வலை கரைக்கு வந்தபோது உள்ளே சாளை, காரல் என்று கொஞ்சம் பொடிமீன்தான் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். நான் மட்டும் திமிங்கலத்தைப் பிடித்தவன்போல் நின்றேன்.

பிறகு நிழலில் உட்கார்ந்து அவர்கள் குடித்தார்கள். எனக்கும் ஒரு தம்ளரை நீட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன். வேண்டாம் என்பதோடு நிறுத்தத் தெரியாத பிறவி என்பதால் ஈரலைப் பற்றி ஆரம்பித்தேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசியதில் பக்கத்தில் இருந்தவர் தம்ளர் தட்டுப்பட்டு முழுவதும் என் சட்டையில் கொட்டியது.

பேருந்தில் வந்து வீட்டுப் படி ஏறியபோது என் கால்கள் இரண்டும் இரண்டு வேறு ஆட்களுடையதாக இருந்தன. வெயிலிலும் உப்புக் காற்றிலும் கண் சிவந்து கிடந்தது. சட்டையைக் கழற்றக் கையைத் தூக்க முடியவில்லை. அவள்தான் கழற்றினாள். மூக்கருகே கொண்டுபோனாள். அன்றைக்கு நிதானமாக மோந்து பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் சட்டையை வாளியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் என் சிறுநீர் சுக்குக் காபி நிறத்தில் போயிற்று. கொழுப்பு கரைந்து வெளியேறுகிறது என்று சந்தோஷப்பட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் ரத்தம் கொடுத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் போன். விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனா கையில் இருந்தது, ஆனால் தாள் ஒன்றும் இல்லை.

"எஸ்.ஜி.ஓ.டி. முந்நூத்திப் பதினெட்டு" என்றாள். "எஸ்.ஜி.பி.டி. நூத்தி இருபத்தொண்ணு."

வலை இழுத்து இறங்க வேண்டிய எண் ஆறு மடங்கு ஏறியிருக்கிறது.

"அப்பாவுக்கு ரிப்போர்ட் வாங்கப் போறது நான்தான்" என்று அவள் பேச ஆரம்பித்தாள். குரல் வகுப்பில் பாடம் நடத்துகிற குரலாகவே இருந்தது. "ஒவ்வொரு தடவையும் முதல் எண்ணு ரெண்டாவதைவிட ரெட்டிப்பா இருக்கும். குடிக்கவங்களுக்கு அப்படித்தாம்மா வரும்னு அங்க இருந்த டாக்டர் சொல்லுவாரு. ஒங்க முதல் ரிப்போர்ட்ல அப்படி இல்ல. ரெண்டாவதுதான் கூட இருந்துச்சு. அதப் பாத்ததும் ஒங்க மேல எனக்குச் சந்தேகமே வரல. இப்பம் ரெட்டிப்புக்கு மேல இருக்கு. ஞாயித்துக்கெழம சட்டையில வாடை இருந்துச்சு. உண்மையச் சொல்லுங்க. புன்னைக்காயல்ல என்ன நடந்துச்சு?"

ஒரு மாதமாக, இல்லாத சந்தேகத்தைப் போக்கப் பாடுபட்டு, நான் கடைசியில் அதை உண்டாக்கியிருக்கிறேன். சொந்தக் கையால், கயிறு இழுத்து.

"வலை இழுத்தேன்" என்றேன்.

"என்னது?"

"கரைவலை. ஒன்றரை மணி நேரம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இந்த உண்மையைவிட என் பொய் எவ்வளவோ கண்ணியமாக இருந்தது. உள்ளங்கையை விரித்துக் கொப்புளங்களைக் காட்டினேன். "எங்கயாவது விழுந்தாலும் கை இப்படித்தான் ஆகும்" என்றாள். "அப்பாவும் காட்டுவாவ. ஒவ்வொரு தடவையும் ஒரு கத சொல்லுவாவ." அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் கல்யாணமே என் முன்னால் உடைந்து கிடப்பது மாதிரி இருந்தது. அவசர அவசரமாகப் பக்கத்து மேசைக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, "தம்பி, ஞாயித்துக்கெழம நாம என்ன செஞ்சோம்னு ஒங்க மயினிக்குச் சொல்லும்" என்றேன்.

விசுவாசமான மனிதர். அன்று பேருந்தில் ஏற்றிவிடும்போது நான் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. "மந்திரிப்பு ரொம்ப நல்லபடியா நடந்துச்சு மயினி" என்றார். "ஃபாதர் வந்திருந்தாவ. அண்ணாச்சி ரெண்டு தடவ பாயசம் வாங்கினாவ."

அவள் போனை எடுத்து அணைத்தாள். "நாளைக்கு டாக்டர்ட்ட நானும் வாரேன்" என்றாள்.

டாக்டர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஆளோடது மாதிரி இல்லையே. ரத்தம் குடுக்கறதுக்கு ரெண்டு மூணு நாள் முந்தி என்ன செஞ்சீங்க?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஈரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கரைவலையைச் சொன்னேன். டாக்டர் என் கையைப் புரட்டிப் பார்த்தார். தோளை அழுத்தினார். நான் கத்தினேன்.

"யூரின் என்ன கலர்ல போச்சு?"

"சுக்குக் காபி கலர்ல டாக்டர். கொழுப்புதானே?"

"கொழுப்புதான்" என்றார் அவர், என் முகத்தைப் பார்த்து. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "தசை நார் நைஞ்சு போயிருக்கு. எஸ்.ஜி.ஓ.டி. ஈரல்ல மட்டும் இல்ல, தசையிலயும் இருக்கு. பழக்கமில்லாம இப்படி இழுத்தா அதுவும் ரத்தத்துல கசியும். சிறுநீரகத்தையே கெடுத்திருக்கும் சார். சிரிக்கிற விஷயம் இல்ல" என்றார். தசைக்கென்று தனியாக இருக்கிற என்சைமையும் சிறுநீரகத்தையும் உடனே பார்க்கச் சொல்லி எழுதினார். மனைவி அந்த ரெட்டிப்புக் கணக்கைச் சொன்னாள். "நீங்க எண்ணை வச்சுச் சொல்லுறது தப்பில்ல. ஆனா அதை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்ல முடியாதும்மா."

பரிசோதனைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சிறிய எழுத்தில், முந்தின நாட்களில் கடும் உடலுழைப்பைத் தவிர்க்கவும் என்று அச்சிட்டிருந்தது. போன தடவை கொடுத்த சீட்டிலும் இருந்திருக்கும். காகிதத்தின் பின்பக்கத்தைப் படித்துத்தான் நான் இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன்.

"ஆனா முதல் ரிப்போர்ட்ல இருந்தது ஈரல்தான்" என்று டாக்டர் தொடர்ந்தார். "குடி இல்ல, மாத்திரை இல்ல. இனிப்பும் தொடுறதில்லைன்னு சொன்னார். அதுதான் எனக்குப் புரியல."

மனைவி அப்போதுதான் படத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "இனிப்பு தொடுறதில்லன்னா சொன்னிய?" என்று என்னைக் கேட்டுவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினாள். "டாக்டர், வீட்டுல மாசம் மூணு கிலோ கருப்பட்டி வாங்குதோம். அதுல எனக்கு ஒரு டம்ளர் காபிதான். வெளிய சுக்குக் காபி, மிட்டாயி தனி. பையில கை விட்டுப் பாருங்க."

பார்க்கத் தேவையில்லாமல் பனங்கற்கண்டு என் பையில் கலகலத்தது.

"கருப்பட்டி இரும்புச்சத்து டாக்டர்" என்றேன்.

"சர்க்கரை சார். ஈரலுக்குப் பனையும் தெரியாது, கரும்பும் தெரியாது. அதிகமா வந்தா கொழுப்பாக்கி வச்சுக்கும்."

எங்கள் குலத்தையே சொன்னதுபோல எனக்குச் சுருக்கென்றது. அப்பா கடையில் கருப்பட்டி அடைத்து அடுக்கியிருந்த ஓலைக் கொட்டான்கள் கண்முன் வந்துபோயின. வாதாட இன்னும் நாலைந்து வாக்கியம் வைத்திருந்தேன். மனைவியின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

சாயங்காலமே முடிவுகள் வந்துவிட்டன. தசை என்சைம் ஆயிரக்கணக்கில் ஏறிக் கிடந்தது. சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை. ஆக, நான் வலைதான் இழுத்திருக்கிறேன் என்று சீல் வைத்த சாட்சி கிடைத்துவிட்டது. காகிதத்தை எடுத்துக்கொண்டு, துணி துவைக்க உட்கார்ந்திருந்தவளிடம் போனேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எண்ணைப் பார்த்து, தலையாட்டித் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகத்தில் இருந்த இறுக்கம் போயிருந்தது. எனக்கு அது போதாது. ஜெயித்தவனுக்கு ஒரு வார்த்தை வேண்டும்.

"ஏளா, முதல் ரிப்போர்ட்டப் பாத்ததும் சந்தேகமே வரலன்னு சொன்னீல்லா?" என்றேன். "பின்ன எதுக்கு அன்னையிலருந்து தெனமும் என் சட்டைய மோந்து பாத்த? நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். சாராய வாடை வருதான்னுதான?"

அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டை அவள் மடியில் கிடந்தது.

"சாராய வாடை இல்ல" என்றாள். "அப்பா கடைசி மூணு மாசம் குடிக்கல. ஆனா அவுக மேல ஒரு வாடை வந்துச்சு. மூச்சுல, சட்டையில, தலகாணியில. இனிச்ச மாதிரி ஒரு வாடை. ஈரல் முடியப்போகுதுன்னா அப்படி வரும்னு ஆஸ்பத்திரியில சொன்னாவ. எனக்கு அது மறக்கவே இல்ல. ஒங்க ரிப்போர்ட் வந்ததும் அந்த வாடை வருதான்னு பாத்தேன். ஒங்க சட்டையில எப்பமும் ஒரு இனிச்ச வாடை இருக்கு. அது பனங்கற்கண்டா, அந்த வாடையான்னு ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரியல."

ஒரு மாதம் நான் என் நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். முகத்துக்கு நேரே மூச்சு விட்டேன், சாட்சிக்கு ஆள் கூட்டிவந்தேன், கடலில் போய்க் கயிறு இழுத்தேன். அந்த மாதம் முழுவதும் இவள் தினமும் ஒரு சட்டையைக் கையில் எடுத்து, நான் சாகப் போகிறேனா என்று பார்த்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்காக அழக்கூட அருகதை இல்லாதவன்போல இருந்தது.

அவள் மடியிலிருந்த சட்டையின் பையில் விரலை விட்டு, மிச்சமிருந்த கற்கண்டை எடுத்து எறும்புக்குப் போட்டேன்.

இப்போது நாலு மாதமாகக் காலையில் கருப்பட்டி இல்லாத காபிதான். குடிக்கும்போது என் முகம் போகிற போக்கைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். தினமும் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் இரண்டு பேரும் நடக்கிறோம். போன வாரம் வந்த காகிதத்தில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் மிச்சம். பக்கத்து மேசைக்காரருக்கு நான் பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டேன். அவர்தான் எனக்கு எடுக்கிறார், கருப்பட்டியைப் பற்றி.

சட்டையை மட்டும் அவள் இன்னும் மோந்து பார்க்கிறாள். பையில் இப்போது ஒன்றும் இல்லை, குழப்பத்துக்கு இடமில்லை. ஆனாலும் அவள் அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோகும்போது நான் எங்கே இருந்தாலும் கதவருகே வந்து நின்றுவிடுகிறேன். அவள் அதை வாளியில் முக்கின பிறகுதான் அங்கிருந்து நகர்கிறேன்.